பெரிய மாப்பிள்ளையின் வேன் நாள்

அன்று காலை வேன் சாவியை வாங்கும்போதே பெரிய மாப்பிள்ளை சட்டைக்குள்ளே சைக்கிள் பனியனைப் போட்டிருந்தார். மேலே முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். வெயில் ஏறினால் உள்ளே வெந்துபோகும் என்று தெரியும். இருந்தும் போட்டுக்கொண்டார். யாராவது கேட்டிருந்தால் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று சொல்லியிருப்பார். அந்த எதுக்கும் என்பது எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் விட்ட கொம்பையும் துணைக்காலையும் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். மாமனார் வீட்டில் மூத்த பெண்ணைக் கட்டியதால் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டிய பேக்கரிக்காரர் சின்ன மாப்பிள்ளை. இரண்டு சகலைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் இருந்ததால் கூட்டத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது: பெரியவர், சின்னவர்.

கூட்டத்தில் பெரியவருக்கு ஒன்பது வருஷ அனுபவம். சின்னவர் சைக்கிள் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வந்த முதல் ஞாயிறே ஒரு தட்டு நிறைய சூடான பன்னோடு வந்தார். அன்றைக்கே எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மாமனார் வீட்டிலும் இதே கதைதான். பெரியவர் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு வரிப் படிவம், ஓய்வூதியக் கடிதம், பத்திரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து வருகிறார். அவர் உள்ளே வந்தால் மாமனார் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கி ‘வாங்க’ என்பார். சின்னவர் வந்தால் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். இந்த நாற்காலிச் சத்தம் பெரியவரின் காதில் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஆறு நாள் பயணம். நான்கு பேர், ஒரு வேன். வேன் பேக்கரி வேன்தான். சாமான், தண்ணீர், பழம், மாற்று டயர் எல்லாம் அதில். தினம் ஒருவர் வேன் ஓட்ட வேண்டும், மற்ற மூவர் சைக்கிள். யார், என்றைக்கு என்ற முறையைப் போட்டது பெரியவர். நீளக் கோடு போட்ட நோட்டில், சிவப்பு மையில் தலைப்பிட்டு, தேதி வாரியாக எழுதினார். முதல் நாள் பி.டி. டீச்சர். இரண்டாம் நாள் மருந்துக்கடை அக்கா. மூன்றாம் நாள் சின்னவர். நான்காம் நாள் அவர்.

மூன்றாம் நாள்தான் மலை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. அந்த மலைக்காகத்தான் பெரியவர் ஒரு வருஷமாகச் சர்க்கரையை விட்டிருந்தார்.

சின்னவர் நோட்டைப் பார்த்தவுடனே கேட்டார். “அண்ணா, மூணாம் நாள்தானே மலை? நானும் ஏறிப் பாக்கணும்னு ஆசை. வேற நாள் வேன் குடுங்களேன்.”

“தம்பி, மூணு மாசப் பழக்கத்துல அது கஷ்டம். உங்க நல்லதுக்குத்தான் போட்டேன்.”

“பாதியில முடியலன்னா இறங்கிக்கறேன்.”

“ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும். தேதின்னா தேதிதான்.”

சொன்னதோடு விடவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் அதை நான்காவது விதியாக எழுதி, நால்வரிடமும் கையெழுத்து வாங்கினார். ஐந்தாவது விதி, வேன் ஓட்டுகிறவர் காலையில் எல்லாச் சைக்கிளையும் சோதித்துப் பெயருக்கு நேரே ‘சரி’ எழுத வேண்டும். ஆறாவது, வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவர் வேனை எடுத்துக்கொள்ளலாம், வேன் ஓட்டியவர் அந்த இடத்திலிருந்து சைக்கிளில் போகலாம்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மலைப் பாதையை மூடிவிட்டார்கள். நால்வரும் விடுதி அறையில் ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டாடினார்கள். சின்னவரின் வேன் முறை கட்டிலில் கவிழ்ந்து படுத்தபடியே கழிந்தது. சாயங்காலம் மழை விட்டு, நாளைக்குப் பாதை திறக்கும் என்று விடுதிக்காரர் வந்து சொன்னார். அக்கா நோட்டைப் புரட்டினார். 

“நாளைக்குத் தேதிக்கு உங்க பேரு இருக்கு, பெரியவரே.”

பெரியவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். தேதியை எழுதாமல், ‘மலை நாள்’ என்று எழுதியிருந்தால் போதும். அடுத்தவர் எழுத்தில் ஆயிரம் பிழை பிடித்தவர், தன் நோட்டில் இதை விட்டுவிட்டார்.

“அண்ணா, நானே நாளைக்கும் வேன் எடுத்துக்கறேன். இன்னிக்கு நான் எங்க ஓட்டினேன், தூங்கத்தானே செஞ்சேன்? நீங்க ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கீங்க” என்றார் சின்னவர். அதையும் எல்லார் முன்னாலும், சீட்டைக் கலைத்துக்கொண்டே, ஒரு பன்னை நீட்டுகிற மாதிரி சொன்னார்.

வாங்கியிருக்கலாம். ‘சரி தம்பி’ என்று இரண்டு வார்த்தை. ஆனால் டீச்சரும் அக்காவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவர் போட்ட பிச்சையில் மலை ஏறினோம் என்று ஆகிவிடும்.

“வேண்டாம். எழுதினது எழுதினதுதான்” என்றார் பெரியவர்.

இப்படித்தான் சாவி அவர் கைக்கு வந்தது.

காலை ஆறு மணிக்கு விடுதியின் பின்பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஐந்தாவது விதிப்படி சைக்கிள்களைச் சோதித்தார். டீச்சருடையது சரி. அக்காவுடையதில் சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார், சரி. சின்னவருடையதின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார்.

நான்கு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தார். இடதுபக்கப் பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. நேற்று மழையில் அவசரமாக உள்ளே தள்ளியபோது படியில் இடித்திருக்க வேண்டும். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ஒரு சின்னத் திருகு, அரைச் சுற்று, அவ்வளவுதான். சமதரையில் ஓட்டினால் தெரியக்கூடத் தெரியாது. மலையில் அது ஒரு சிமெண்டு மூட்டையைக் கட்டி இழுப்பதற்குச் சமம்.

கை திருகுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

“டிரைவர் சார், வண்டியில ஏசி நல்லா ஓடுதா?” என்றார் அக்கா.

“அக்கா, சும்மா இருங்க. அண்ணா ஏற்கெனவே சூடா இருக்கார்” என்றார் சின்னவர்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் விஷம் ஒன்றுமில்லை. ஆனாலும் பெரியவரின் கை திருகிலிருந்து விலகிக்கொண்டது. அந்தக் கையே நோட்டை எடுத்தது, பேனா மூடியைத் திறந்தது, சின்னவரின் பெயருக்கு நேரே அழகான உருண்டைக் கையெழுத்தில் ‘சரி’ என்று எழுதியது.

நான் எதையும் கெடுக்கவில்லையே, இருந்ததை அப்படியே விட்டேன், அவ்வளவுதானே என்று மலையடிவாரம் வரும்வரை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வேன் முழுக்க வெனிலா வாசனை. ஒவ்வொரு மூச்சிலும் சின்னவர் மூக்குக்குள் ஏறி உட்கார்ந்தார்.

வேனின் வேலை இதுதான்: மூன்று வளைவு முன்னால் போய் ஓரம் கட்டி நிற்க வேண்டும். மூவரும் வந்தால் தண்ணீர், பழம். அவர்கள் கிளம்பிப் போனதும் கடந்து மறுபடி மூன்று வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் போட்டிருந்தது.

மூன்றாம் வளைவில் டீச்சர் முதலில் வந்தார், பின்னாலேயே அக்கா. ஆறு நிமிஷம் கழித்துச் சின்னவர். முகம் சிவந்திருந்தது.

“எப்படி இருக்கு தம்பி?” என்றார் பெரியவர். குரலில் அக்கறையைத் தேன் மாதிரி தடவியிருந்தார்.

“மலை மலைதான் அண்ணா. இவ்வளவு இழுக்கும்னு நினைக்கல.”

“முடியலன்னா வீம்பு பிடிக்காதீங்க. ஆறாவது விதி இருக்கு.”

“இப்பத்தானே மூணு” என்று சின்னவர் சிரித்துவிட்டுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனார். போகும்போது பின்சக்கரத்திலிருந்து மெல்லிய ‘ஸ்ஸ்... ஸ்ஸ்...’ கேட்டது. பெரியவருக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி பழத்தோலைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

ஆறாம் வளைவில் இடைவெளி பதினைந்து நிமிஷம். மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். பெரியவர் ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பிக் கீழ்ப்பாதையை அதில் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவரின் மஞ்சள் பனியன் தெரிகிறதா, நின்றுவிட்டதா, இறங்கித் தள்ளுகிறதா? பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்போது மனைவி போன் செய்தாள்.

“எங்க இருக்கீங்க? மலை ஏறியாச்சா?”

“நான் இன்னிக்கு வேன்.”

“ஐயோ, நீங்களா? மலைக்குத்தானே போனீங்க?” என்றவள், அவர் பதில் சொல்வதற்குள், “இருங்க, அப்பா ஏதோ கேக்கறார்... சின்ன மாப்பிள்ளை எப்படி ஓட்டறார்னு கேக்கறார். அவருக்குப் பழக்கம் இல்லையாம், கொஞ்சம் பாத்துக்கணுமாம்” என்றாள்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் பெரியவர். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வளைவுக்கு வளைவு அவர் கணக்குப் போட்டார். பத்தாவதில் நின்றால் மிச்சம் எட்டு எனக்கு. பன்னிரண்டில் நின்றால் ஆறு. ஆறு வளைவானாலும் உச்சியில் சைக்கிளோடு நிற்கலாம். உச்சிப் பலகைக்குப் பக்கத்தில் படம் எடுக்கலாம். படத்தில் எங்கிருந்து ஏறினோம் என்று எழுதியிருக்காது.

ஒன்பதாம் வளைவில் சின்னவர் பேசவில்லை. பழத்தைத் தின்றார், தலையை ஆட்டினார், போனார். வழக்கமாக மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர்.  இப்போதுகூடக் கூப்பிட்டு, ‘நில்லுங்க தம்பி, பின்சக்கரத்தைப் பாத்துடறேன்’ என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. நாற்காலிச் சத்தமும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

சின்னவர் பதினொன்றாம் வளைவைத் தாண்டும்போது கண்ணாடியில் மஞ்சள் பனியன் நின்றுவிட்டது.

பெரியவர் வேனைத் திருப்பிய வேகத்தில் பின்னால் தண்ணீர்க் குடங்கள் உருண்டன. சின்னவர் சைக்கிளைச் சுவரில் மெதுவாக, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தொடையும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன.

“கால் ரெண்டும் போச்சு அண்ணா. நீங்க ஏறுங்க. நான் வேன் எடுத்துக்கறேன்.”

“அப்படியா? உங்களால முடிஞ்சவரைக்கும் வந்துட்டீங்க தம்பி. இதுவே பெரிசு” என்று சொல்லிக்கொண்டே பெரியவர் வேனின் கூரையில் பாதி ஏறிவிட்டார். தன் சைக்கிளின் கட்டை அவிழ்த்தார். முன்சக்கரம் கீழே வந்துவிட்டது. சூடு தாங்கவில்லை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி மறுகையால் பொத்தான்களைப் பட்டுப் பட்டென்று கழற்றிச் சட்டையை உருவினார்.

சின்னவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வெயிலில் பளபளவென்று நீலப் பனியன். பனியனின் முதுகுப் பையில் இரண்டு வாழைப்பழம்கூடத் தயாராக இருந்தது.

“காலையிலேருந்தே போட்டிருக்கீங்களா அண்ணா?”

“இல்ல... எதுக்கும் இருக்கட்டும்னு...”

சின்னவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அந்தப் பனியனையும், பழத்தையும், கூரையிலிருந்து பாதி தொங்குகிற சைக்கிளையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

“அவ்வளவு நிச்சயமா இருந்தீங்களா? அப்ப இன்னும் ரெண்டு வளைவு பாத்துட்டுச் சொல்றேன்.”

“தம்பி, கால் நடுங்குது. விளையாடாதீங்க.”

“நடுங்கட்டும். அது நடுங்கிக்கிட்டே மிதிக்கும்.”

ஏறி உட்கார்ந்து போயே போய்விட்டார். பெரியவர் நீலப் பனியனோடு, ஒரு கையில் சைக்கிள், மறுகையில் சட்டை என்று நடுரோட்டில் நின்றார். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, “என்ன சார், வண்டி ரிப்பேரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொத்தான் போடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, மறுபடி சைக்கிளைக் கூரையில் ஏற்றிக் கட்ட இருபது நிமிஷம் ஆனது. கயிறு கைக்கு அடங்கவில்லை.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. சின்னவர் இரண்டு வளைவைப் பார்த்துவிட்டார், பிறகு இன்னும் இரண்டு. வேகம் நடக்கிறவனைவிடக் குறைவு. சைக்கிள் பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கோணலாகப் போனது. வேன் அதன் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தது. ‘ஸ்ஸ்... ஸ்ஸ்...’ இப்போது திறந்த ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. நில், நில், நில் என்று பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கால்கள் மிதித்தன.

பதினெட்டாம் பலகைக்குப் பக்கத்தில் டீச்சரும் அக்காவும் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார்கள். மஞ்சள் பனியன் திரும்பியதும் கைதட்டத் தொடங்கினார்கள். தேநீர்க் கடையில் நின்றிருந்த முன்பின் தெரியாத நாலு பேரும் சேர்ந்து தட்டினார்கள். சின்னவர் பலகையைத் தொட்டுவிட்டுச் சைக்கிளைவிட்டு இறங்கினார். இறங்கிய கால் நிற்காமல் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்தவர் ஓரமாகத் தள்ளப் பார்த்தார். லேசில் நகரவில்லை. சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். மூன்று சுற்று. நின்றது.

“அட, இதென்ன? பிரேக் பிடிச்சிருக்கு” என்றார். குனிந்து பார்த்தார். “கட்டை பாதி தேஞ்சே போச்சு. இதோடயா ஏறினீங்க?”

“அது என்ன?” என்றார் சின்னவர் தரையிலிருந்து.

“என்னவா? பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மலை ஏறியிருக்கீங்க, மனுஷரே.”

“அப்படியா? நான் மலைன்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் போனை எடுத்துப் படம் பிடித்து, ‘பிரேக்கோடு மலை ஏறியவர்’ என்று எழுதி, அதைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியாகிவிட்டது. சின்னவரின் மனைவியும் அந்தக் குழுவில் இருந்தாள், அன்று அவளும் அப்பா வீட்டில்தான். அரை நிமிஷத்தில் சின்னவரின் போன் அடித்தது. எடுத்ததும் மாமனாரின் குரல் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி வந்தது. “மாப்பிள்ளை, பிரேக்கோடயா ஏறினீங்க? பிரேக்கோடயா?”

வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரியவருக்கும் அது கேட்டது. இந்தக் கதை அந்த வீட்டில் இனி எத்தனை வருஷம் ஓடும்? வந்தவர் போனவருக்கெல்லாம் மாமனார் இதைச் சொல்வார். வெறும் மலை ஏறியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். அதை இதிகாசமாக்கிக் கொடுத்தது யார்? இவரேதான். அந்த அரைச் சுற்றைச் சுற்றியிருந்தால் சின்னவர் சாதாரணமாக ஏறி, சாதாரணமாக இறங்கியிருப்பார்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு முப்பது வருஷம் மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்த கண். நேராக வேனுக்கு வந்து, முன் இருக்கையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தார். விரலை வைத்துப் படித்தார்.

“சரின்னு போட்டிருக்கு, பெரியவரே.”

பெரியவர் நோட்டைப் பார்த்தார். உருண்டை எழுத்து. ஒரு பிழை இல்லை.

“டீச்சர், அது நான் பண்ணின வேலை” என்றார் சின்னவர், போனை மூடிக்கொண்டே. “பதினொன்னாவது வளைவுல முடியாம சைக்கிளைத் தூக்கிக் கீழ போட்டேன். அப்ப இடிச்சிருக்கும். காலையில எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டுப் பெரியவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு பார்வை. குற்றம் சாட்டுகிற பார்வைகூட இல்லை. நேற்றுச் சீட்டைக் கலைத்துக்கொண்டே பார்த்த அதே பார்வை.

பதினொன்றாம் வளைவில் சைக்கிளைக் குழந்தை மாதிரி சுவரில் சாய்த்து வைத்ததைப் பெரியவர் தன் கண்ணால் பார்த்திருந்தார். ஆக, சின்னவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் மூடி மறைக்கிறார். டீச்சர் நோட்டை மூடப் போனார். இவர் பேசாமல் இருந்தால் எல்லாம் இதோடு முடிந்தது.

சின்னவர் மலையை எடுத்துக்கொண்டார். மாமனாரை என்றைக்கோ எடுத்துக்கொண்டார். இப்போது பெருந்தன்மையையும் ஒரு பன் மாதிரி நீட்டுகிறார். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் தொண்டையைவிட்டு இறங்காது. அந்த ஒன்றையாவது சின்னவரிடம் விட்டுவைக்கக் கூடாது.

“பொய்” என்றார் பெரியவர். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “காலையிலேயே உரசுச்சு. நாலு சுத்துல நின்னுச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னு எழுதினேன்.”

தேநீர்க் கடையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, அவருடைய திறந்த சட்டையையும் உள்ளே நீலப் பனியனையும் அப்போதுதான் கவனித்தார்.

“அடப்பாவி மனுஷா” என்றார் அக்கா, மெதுவாக.

டீச்சர் நோட்டையும் பேனாவையும் பானட்டின் மேல் வைத்தார். “உங்க கையாலேயே அடிங்க.”

அவர் அடித்தார். பழக்கம் விடவில்லை. ‘சரி’யின் மேல் ஒரு நேர்கோடு, ஓரத்தில் திருத்தக் குறி, அதன் பக்கத்தில் ‘பிரேக் உரசல், பார்த்தும் விடப்பட்டது’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். டீச்சர் அதைப் படித்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனார். அக்காவும் கூடப் போனார்.

சின்னவர் வேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச நேரம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எதுக்கு அண்ணா சொன்னீங்க? நான்தான் சொல்லி முடிச்சுட்டேனே.”

“நீங்க சொன்னதாலதான் சொன்னேன்.”

சின்னவருக்கு அது புரிந்ததோ என்னவோ, கொஞ்சம் முகம் சுருங்கியது. இன்று முழுக்க முதல் தடவையாக. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினார்.

“சரி பண்ணிக் குடுங்க. இறக்கத்துல எனக்குப் பிரேக் வேணும்.”

பெரியவர் மண்டி போட்டார். பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து, அந்தச் சின்னத் திருகில் வைத்து, அரைச் சுற்றுச் சுற்றினார். தேய்ந்த கட்டையைக் கழற்றி, வேனிலிருந்த புதியதை மாட்டினார். இரண்டு பக்கமும் ஒரு தாள் போகிற இடைவெளி இருக்கிறதா என்று கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார்.

ஒரு சத்தமில்லை. கம்பிகள் கரைந்து வெறும் வெளிச்சமாகத் தெரிந்தன. சின்னவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் மண்டி போட்டபடியே எண்ணினார். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நல்ல சக்கரம். அவருடையதைவிட நல்ல சக்கரம். அது நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கிற வழியாகத் தெரியவில்லை.